முதல்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க!

(தலைப்பு: குடும்பத்துக்கு நல்லது எது? பழையதைச் சீர்படுத்துவதா, புதியதை வாங்குவதா? ‘சீர்படுத்துவதே’ அணியில் மூன்றாவதாகப் பேசிய சகோதரியின் உரை)

அன்பும் பண்பும் மிக்க நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எங்கள் அணியையே காயலான் கடைத் தராசில் ஏற்றி எடை போட்டுவிட்டு, கைதட்டலோடு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற இல்லத்து உறவுகளே!

எதிரணியில் முதலில் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. “ரிப்பேர் செலவு புதுசோட விலையைத் தாண்டினா, எந்தப் புத்திசாலி ரிப்பேர் பண்ணுவான்?” அப்படின்னு. நடுவர் அவர்களே, ரொம்ப தூரம் தேட வேண்டாம். அந்தப் புத்தி இல்லாத ஆள் நான்தான். (பலத்த சிரிப்பு)

நான் ரிப்பேர் பண்ணினது மிக்ஸி இல்லீங்க, கிரைண்டர் இல்லீங்க. ஒரு கார். 1950-ஆம் வருஷத்து மாரிஸ் மைனர். அதுவும் சாதா மைனர் இல்லை. மேல் துணியை மடக்கிவிட்டால் வானம் தெரியுமே, அந்த ‘டூரர்’ மாடல். எங்க ஊரு மாயவரம். அங்கே எங்க தாத்தா எல்.எம்.பி. டாக்டர். 1953-லே மெட்ராஸ் போய் இரண்டாவது கையா அந்தக் காரை வாங்கிட்டு வந்தார். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவம்னு ஆள் வந்தா, அந்தக் கார்தான் வயல் வரப்புப் பக்கமெல்லாம் போய் நிற்கும். “டாக்டர் வர்றார்”னு யாரும் சொல்ல மாட்டாங்களாம். “மைனர் வருது”ம்பாங்களாம்.

நடுவர்: அம்மா, எங்க ஊர்ப் பக்கம் ‘மைனர் வர்றார்’னா அர்த்தமே வேற! (பலத்த சிரிப்பு)

அய்யா, எங்க பாட்டியும் அதைத்தான் சொல்வாங்களாம். (சிரிப்பு, கைதட்டல்)

அந்தக் காரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல கவுலின்னு ஒரு இடம். அங்கேதான் அது பிறந்தது. 1948 அக்டோபர்ல லண்டன் கண்காட்சியில முதல்ல காட்டினாங்க. வடிவமைச்சவர் அலெக் இசிகோனிஸ். பின்னால 1959-லே ‘மினி’ காரைக் கொடுத்த அதே மனுஷன். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. ஓடு உடைச்சு வெந்நீர்ல வேகவைச்ச முட்டை மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணினாராம். அந்த முட்டைதான் பிரிட்டனிலேயே பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார்!

இன்னொரு சேதி. காரை அடிச்சு முடிக்கிற கடைசி நேரத்துல இசிகோனிஸ் தூரத்துல நின்னு பார்த்தார். ‘ஒல்லியா இருக்கே’ன்னு தோணிச்சு. காரை நடுவுல நெட்டுக்குப் பாதியா வெட்டச் சொன்னார். ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வச்சுப் பார்த்து, நாலு அங்குலம் அகலம் கூட்டினார். ஆனா பம்பர் ஏற்கெனவே தயாரா அடிச்சு வச்சாச்சு. என்ன பண்றது? பம்பரையும் பாதியா வெட்டி, நடுவுல ஒரு துண்டு வச்சு ஒட்டினாங்க. ஆரம்ப கால மைனர் பம்பரைப் பார்த்தீங்கன்னா அந்த ஒட்டு நல்லாவே தெரியும். எதிரணி நண்பர்களே, நீங்க புதுசு புதுசுன்னு கொண்டாடுறீங்களே, அது புதுசா வந்த அன்னிக்கே வெட்டி ஒட்டித்தான் வந்திருக்கு! (கைதட்டல்)

சரி, எங்க வீட்டுக்கு வர்றேன். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா ஓட்டினார். 1993-லே ஒரு நாள் கொல்லைப்பக்கத்துக் கொட்டகையில விட்டார். தார்ப்பாயைப் போட்டு மூடினார். அவ்வளவுதான். மழை, வெயில், எலி, கரையான், கோழி எல்லாரும் குடியேறினாங்க. எங்கம்மா அந்தக் காருக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்க. ‘சக்களத்தி.’ (சிரிப்பு) “உங்கப்பாவுக்கு மூத்த தாரம் கொட்டகையில இருக்கா, நான் இளைய தாரம் அடுப்படியில இருக்கேன்”ம்பாங்க.

1998-லே எங்க அண்ணனுக்கு இருபத்தஞ்சு வயசு. கடை வைக்கப் பணம் வேணும். அண்ணன் அப்பாகிட்டே கேட்டார். “அந்தக் கார் சும்மாத்தானே கிடக்கு, ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுத்துடலாம்பா.” அப்பா ஒரே வார்த்தை சொன்னார். “முடியாது.” காரணம் கேட்டார் அண்ணன். காரணம் சொல்லலை. அண்ணன் வட்டிக்கு வாங்கிக் கடை வச்சார், வட்டி கட்டியே பல வருஷம் ஓடாத் தேஞ்சார். அன்னியிலேருந்து அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசறதில்லை. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு”, “அவனைக் கதவைச் சாத்தச் சொல்லு” – எல்லாம் நடுவுல அம்மா வழியாத்தான். எங்கம்மா ஒரு போஸ்ட் ஆபீஸ்!

நடுவர் அவர்களே, இந்தக் காரை ஏன் சீர்படுத்தினேன்னு கேட்டா, எனக்குக் கார் மோகம் கிடையாது. அந்தக் கொட்டகையில துருப்பிடிச்சது கார் மட்டும் இல்லை. அதனாலதான்.

2021 ஜூலையில மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷத்தைத் தாண்டின, வாடகைக்கு ஓட்டாத சொந்த வண்டியை ‘வின்டேஜ்’ வண்டின்னு பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஒரு நிபந்தனை: சேஸ், பாடி, என்ஜினை மாத்தி அசல் உருவத்தைக் கெடுத்திருக்கக் கூடாது. இன்னொரு நிபந்தனை: தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, வேலை பார்க்க – இதுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். பேப்பர்ல படிச்சதும் எனக்கு ஒரு கணக்கு ஓடிச்சு. அடுத்த வருஷக் கடைசியில அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்ட அன்னிக்கு அவரை அந்தக் கார்ல கோயிலுக்கு அழைச்சுட்டுப் போகணும்.

ஊர்ல ஒரு பழைய மெக்கானிக் இருக்கார். எல்லாரும் ‘பாய்’னுதான் கூப்பிடுவோம். அவரைக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ளே எங்க அண்ணன் பையன் ஆர்வக் கோளாறுல ஒரு புது பாட்டரி வாங்கிட்டு வந்து, வயரைக் கையில வச்சுட்டு, “அத்தை, செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமா?”ன்னு நிக்கிறான். பாய் ஓடிப்போய் அவன் கையைப் பிடிச்சார். “தம்பி! முதல்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க! இருபத்தெட்டு வருஷம் படுத்த படுக்கையா இருக்கிற பெரியவரை எழுப்பி நிறுத்தி, ஓடுன்னு சொல்வீங்களா? எலும்பு உடைஞ்சிடும்.”

ஏன்னு விளக்கினார். வருஷக்கணக்கா நின்ன என்ஜின்ல, சிலிண்டர் சுவர்ல இருந்த எண்ணெய் எல்லாம் கீழே வடிஞ்சு போயிருக்கும். பிஸ்டன் ரிங் துருவோட ஒட்டியிருக்கும். அப்போ மோட்டார் பலத்துல திடீர்னு சுத்தினா ரிங் உடையும், சுவர் கீறும். சும்மா கிடந்தப்போ ஆகாத சேதம், அந்த ஒரு நிமிஷ அவசரத்துல ஆகிடும்.

அதோட பையன் பாட்டரியைத் தலைகீழா வேற கொடுக்க இருந்தான். இன்னிக்குக் கார்லே நெகட்டிவ் முனைதான் பாடியோட சேரும். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் பலதுல பாசிட்டிவ் முனைதான் பாடியோட சேரும். எங்க வீட்டுப் பெரியவங்க மாதிரிதான்; நமக்குச் சரின்னு படறது அவங்களுக்குத் தப்பு! (சிரிப்பு)

பாய் என்ன பண்ணினார்? நாலு பிளக்கையும் கழட்டினார். ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். மூடினார். வீட்டுக்குப் போயிட்டார். மறுநாள் வந்தார், பம்பர் ஓட்டை வழியா ஹேண்டிலை விட்டு மெதுவா ஒரு அசைப்பு. அசையலை. திரும்ப எண்ணெய். போயிட்டார். இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. பாய் என்னைப் பார்த்துச் சொன்னார், “தங்கச்சி, உயிர் இருக்கு.”

எனக்கு அந்த ஒன்பது நாளும் ஒரு பாடம். மனஸ்தாபத்துல உறைஞ்சு போன மனுஷனையும் இப்படித்தான் அசைக்கணும். ஒரே நாள்ல பஞ்சாயத்து வச்சு, நாலு பேரைக் கூட்டி, “பேசுங்க, இப்பவே பேசுங்க”ன்னா உடைஞ்சிடும். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பொறுமை. (கைதட்டல்)

அப்புறம் பெட்ரோல் டேங்க். பழைய பெட்ரோல் ஆவியாகி ஆவியாகி, மிச்சம் அரக்கு மாதிரி அடியில கெட்டியாகி இருந்தது. டேங்கையே கீழே இறக்கிச் சுத்தம் பண்ணினோம். ரப்பர் குழாய் எல்லாம் மாத்தினோம். இப்போ வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு. அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும். அதனால எத்தனாலைத் தாங்குற குழாயாப் பார்த்துப் போடணும்.

ரேடியேட்டர் கதை இன்னும் சுவாரசியம். அந்த 918 சி.சி. என்ஜினுக்குத் தண்ணி பம்பு கிடையாது. சூடான தண்ணி தானா மேலே ஏறும், ஆறின தண்ணி தானா கீழே இறங்கும். அந்தச் சுழற்சியிலேயே என்ஜின் குளிரும். அப்போ உள்ளே உப்பும் துருவும் அடைச்சிருந்தா என்ன ஆகும்? தள்ளிவிட பம்பு இல்லை, கொதிச்சே போயிடும். அதனால ரேடியேட்டரை மூணு தடவை கழுவினோம்.

ஒரு நாள் மத்தியானம் பெட்ரோல் பம்பைச் சோதிச்சோம். மைனர்ல அது எலெக்ட்ரிக் பம்பு. சாவியைத் திருப்பினா ‘டிக் டிக் டிக்’னு அடிக்கும், கார்பரேட்டர் நிறைஞ்சதும் நின்னுடும். பாய் சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக்... நின்னுது. கூடத்துல ஈஸிசேர்ல கண்ணை மூடிக்கிட்டிருந்த எங்கப்பா உள்ளேருந்தே குரல் கொடுத்தார். “பாய், பெட்ரோல் ஏறிடுச்சு!” அவருக்கு ரெண்டு வருஷமா கை நடுக்கம், பேச்சும் குறைஞ்சு போச்சு. அன்னிக்கு அந்தக் குரல்ல நடுக்கம் இல்லீங்க. (கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒருத்தர் சொன்னார், “பழசுக்கு மேல்பூச்சுப் பூசி ஏமாத்துறீங்க”ன்னு. பூச்சு வேற, சீர்திருத்தம் வேற அய்யா. எங்க கார்லே கதவுக்குக் கீழே நீளமா ஓடுற அடிச்சட்டம் ரெண்டு பக்கமும் துருவிப் போயிருந்தது. டிங்கர் வேலைக்கு வந்தவர் முதல்ல, “பட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சுடலாம்மா, பளபளன்னு இருக்கும், யாருக்கும் தெரியாது”ன்னார். பாய் ஒத்துக்கலை. ஏன் தெரியுமா? சாதாரண காருக்குக் கூரை இருக்கு. கூரையும் தூணும் தரையும் சேர்ந்து பெட்டி மாதிரி நிற்கும். திறந்த காருக்குக் கூரை கிடையாது. மொத்த பலமும் தரையிலயும் அந்த அடிச்சட்டத்துலயும்தான். அது போனா நடுவுல கார் தொங்கிடும், கதவு மூடாது.

அதனால துருப்பிடிச்ச சட்டத்தை வெட்டினோம். ஆனா வெட்டறதுக்கு முன்னால, கதவு இருக்கிற இடத்துல முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே இரும்புக் கம்பி வச்சு வெல்டிங் பண்ணினோம். முட்டுக் கொடுக்காம வெட்டினா, வெட்டின நிமிஷமே பாடி கோணிடும். அப்புறம் எத்தனை புது இரும்பு வச்சாலும் கதவு சேராது. ஒரு பக்கம் முடிச்ச பிறகுதான் மறுபக்கம். கெட்டதை வெட்டணும், ஆனா முட்டுக் கொடுத்துட்டு வெட்டணும். இதை மருமகளைத் திருத்த நினைக்கிற மாமியாரும், மாமியாரைத் திருத்த நினைக்கிற மருமகளும் கேட்டுக்கணும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மேல் துணி? அது போன கதையே வேற. 1993-லே மழையில நனைஞ்ச துணியைக் காய வைக்காம அப்படியே மடிச்சு வச்சுட்டார் அப்பா. ஈரத்தோட மடிச்சது மடிப்பு மடிப்பாப் பூஞ்சை பிடிச்சு, தொட்டா உதிர்ந்தது. புதுசா கான்வாஸ் வாங்கி, பந்தல் துணி தைக்கிற ஒருத்தர்கிட்டே பழைய துண்டை அளவு வச்சுத் தைச்சோம்.

டயர் நாலும் பார்க்க நல்லா இருந்தது, பட்டன் தேயவே இல்லை. “இது இருக்கட்டுமே”ன்னேன். பாய் மறுத்துட்டார். ரப்பருக்கு ஓட்டம் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. நின்ன இடத்துலயே இறுகி வெடிப்பு விடும். உங்க வீட்டு வண்டி டயரையும் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு எந்த வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். அதான் டயரோட ஜாதகம்!

இப்போ நான் ஒரு தப்பை ஒத்துக்கணும். இந்த மேடையில எல்லாரும் ஜெயிச்ச கதை சொல்றோம். நான் தோத்த கதையும் சொல்றேன்.

சதாபிஷேகத்துக்குப் பத்து நாள் இருக்கு. என்ஜின் ஓடுது. பெயின்ட் முடிஞ்சாச்சு. பிரேக்ல வீல் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாம் மாத்தியாச்சு. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பாக்கி. மைனர்ல அது எங்கே இருக்கு தெரியுமா? டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில, சட்டத்துக்குள்ளே போய் ஒளிஞ்சிருக்கு. அதைக் கழட்டணும்னா முன் சஸ்பென்ஷன் கம்பியையே நகர்த்தணும். பாய் சொன்னார், “தங்கச்சி, பிரேக் ஆயில் காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு இருக்கும். புது ரப்பர் போட்டே ஆகணும். இன்னும் டைம் வேணும்.” நான்தான் கேட்கலை. “பெடல் நல்லாத்தானே பாய் நிக்குது? விசேஷம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்”ன்னு அடம் பிடிச்சேன். பாய் கடைசியில ஒரு நிபந்தனை போட்டார். “ரோட்டுக்குப் போகக் கூடாது. நெல்லு காயப்போடுற களத்துல மட்டும், நடக்கிற வேகத்துல ஓட்டுங்க.”

களத்துக்குப் போனோம். நான் ஓட்டுறேன். பக்கத்துல யாரு? எங்க அண்ணன். “விழுந்தா தூக்க ஒரு ஆள் வேணுமே”ன்னு வந்தார். ரெண்டு சுத்து நல்லாத்தான் போச்சு. மூணாவது சுத்து, எதிரே களத்து ஓரம், அதைத் தாண்டி வாய்க்கால். பிரேக்கை மிதிச்சேன். பெடல் அப்படியே தரை வரைக்கும் போச்சு. அந்தக் காலத்துக் கார்ல பிரேக்குக்கு ஒரே வழிதான். ஒரு இடத்துல விட்டா நாலு சக்கரமும் போச்சு. எனக்குக் கை கால் ஓடலை. பக்கத்துலேருந்து ஒரு கை நீண்டு, நடுவுல இருந்த ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. அது கேபிள்ல தனியா பின் சக்கரத்துக்குப் போகுது. கார் வைக்கோல் போர்ல போய் முட்டி நின்னுது.

எந்தக் காரை விற்கணும்னு இருபத்தஞ்சு வருஷமா சண்டை போட்டாரோ, அந்தக் காரையும் என்னையும் காப்பாத்தினது அந்த அண்ணன் கைதான்.

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

அன்னிக்கு ராத்திரி அண்ணன், பல வருஷத்துக்கு அப்புறம், நேரா அப்பா முன்னால போய் நின்னார். “இப்பவாவது வித்துடலாம்பா. இன்னிக்கு ரெண்டு உயிர் போயிருக்கும். தாத்தா பேர் மேல அவ்வளவு ஆசையா உங்களுக்கு?” அப்படின்னார்.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். “தாத்தா காருன்னு நெனச்சியா? 1974-லே என்ஜின் போச்சு. ரீபோர் பண்ணணும், கையில காசு இல்லை. கார் இல்லேன்னா ஏஜென்ஸி வேலை போயிடும். உங்கம்மா நாலு வளையலைக் கழட்டிக் கொடுத்தா. அடகு வச்சேன். மீட்கவே முடியலை, மூழ்கிப்போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கார் தாத்தா காரு இல்லைடா. உங்கம்மா வளையல். அதை வித்து என் பிள்ளைக்குக் கொடுத்தேன்னா, அவ மறுபடியும் வெறுங்கையா நிக்கிற மாதிரி. எப்படிடா விற்பேன்?”

அடுப்படியிலேருந்து அம்மா, “அதெல்லாம் எதுக்கு இப்போ?”ன்னாங்க. அவ்வளவுதான்.

அண்ணன் கேட்டார், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?” அப்பாகிட்டே பதில் இல்லை. நடுவர் அவர்களே, அந்தக் காலத்து அப்பாக்கள் தியாகத்தைச் சொல்ல மாட்டாங்க, தோல்வியையும் சொல்ல மாட்டாங்க. ஈரத்தோட மடிச்சு வச்சுடுவாங்க. அது உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

சதாபிஷேகத்துக்குக் கார் வரலை. அப்பா வாடகை வண்டியிலதான் கோயிலுக்குப் போனார். நான் அழுதேன். அவர் சொன்னார், “முப்பது வருஷம் காத்திருந்தேன், மூணு மாசம் காத்திருக்க மாட்டேனா?” மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டினோம். பாய் சொன்னபடியே உள்ளே துருக்குழி. அதை எடுக்கும்போது முன் சக்கரத்துத் திருகு மூட்டுகளையும் பிரிச்சுப் பார்த்தோம். மைனர்ல அது கிரீஸ் இல்லாம தேஞ்சா சக்கரமே மடங்கிக்கும். அதையும் மாத்தினோம். இந்தத் தடவை கூடவே நின்னு வேலை பார்த்தது யாருன்னு நான் சொல்லவே வேண்டாம். மாயவரம் சந்து பொந்திலேருந்து மெட்ராஸ் புதுப்பேட்டை வரைக்கும் சாமான் தேடி அலைஞ்சது எங்க அண்ணன்!

செலவு நாலரை லட்சம். எதிரணி சகோதரி, நீங்க கேட்ட கணக்கு இதுதான். அந்தக் காசுக்கு ஒரு சின்னப் புதுக் காரே வாங்கியிருக்கலாம். ஒத்துக்கறேன். ஏ.சி. இல்லை, சீட் பெல்ட் இல்லை, தினமும் ஓட்ட முடியாது. அதையும் ஒத்துக்கறேன். அதனால நான் எல்லாப் பழசையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்ல வரலை. கரண்ட்டைக் குடிக்கிற பழைய ஃபிரிட்ஜா, மாத்துங்க. தோல் உரிஞ்ச வயரா, இன்னிக்கே தூக்கிப் போடுங்க.

எங்க அணி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். சீர்படுத்துறதுன்னா பழசைப் பழசாவே வச்சுக்கிறது இல்லை. எதை விடணும், எதை விடக்கூடாதுன்னு பிரிச்சுப் பார்க்கிறது. நாங்க பிரேக்கை விட்டோம், டயரை விட்டோம், துருவை வெட்டினோம், இற்றுப்போன துணியைக் கழிச்சோம். என்ஜினை விடலை, உருவத்தை விடலை, அந்த வெட்டி ஒட்டின பம்பரை விடலை. புதுசு வாங்குறவங்களுக்கு இந்தச் சிரமம் கிடையாது. கடையில விலை மட்டும்தான் கேட்பான். சீர்படுத்துறவன்தான், ‘இது எனக்கு என்ன?’ன்னு தன்னைத்தானே கேட்டுக்கணும். அந்தக் கேள்வியை எங்க வீட்டுல 1998-லேயே கேட்டிருந்தா, இருபத்தஞ்சு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

2023-லே ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கார் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. மேல் துணியை மடக்கியாச்சு. அப்பா கை நடுங்கறதால ஓட்ட முடியாது. அண்ணன் ஓட்டினார். அப்பா பின்னால ஏறினார். அம்மாவும் வழக்கம்போல பின்னால ஏறப் போனாங்க. அந்தக் கார்ல அம்மா முன் சீட்ல உட்கார்ந்ததே இல்லை. முன்னால தாத்தா, இல்லேன்னா விருந்தாளி. அப்பா சொன்னார், “நீ முன்னாடி உட்காரு.”

அம்மா உட்கார்ந்தாங்க. கார் தெருமுனை தாண்டித் திரும்பினது. காத்து அடிக்குது. அம்மா ஒரு கையால தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கதவை லேசாத் தட்டிக் கொடுத்தாங்க. யாரையும் பார்க்காம சொன்னாங்க.

“என் வளையல் நல்லாத்தான் ஓடுது.”

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஏதோ ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும். கார் இல்லாமல் இருக்கலாம். அண்ணன் தம்பி பேச்சாக இருக்கலாம், அக்கா தங்கை உறவாக இருக்கலாம். புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றால், இதற்கெல்லாம் எந்தக் கடைக்குப் போவீர்கள்? தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள். அவசரப்பட்டு ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீர்கள். முதலில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். ஆகவே குடும்பத்துக்கு நல்லது பழையதைச் சீர்படுத்துவதே, சீர்படுத்துவதே என்று கூறி அமர்கிறேன்.